45 படம், 16 பலகை, ஆணி அடிக்க முடியாத மண்டபம்: நிதிக்கான ஓவியக் கண்காட்சிக்கு ஆலோசனை தேவை

நெய்தல்:

வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இயங்கும் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்கு நிதி சேர்க்க ஓவியக் கண்காட்சி வைக்கிறோம். நிலையம் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவானது. சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் உண்டு.

வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்தாயிற்று. ஒக்டோபர் கடைசி வாரம், வெள்ளி மாலை திறப்பு. ஞாயிறு இரவு 8 மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். 22 ஓவியர்கள், 45 படங்கள். அதில் 18 படம் இரண்டு முதல் இரண்டரை அடி அகலம், மற்ற 27உம் 16 அங்குலத்துக்குள். சுவரில் ஆணி அடிக்கவும் ஒட்டவும் அனுமதி இல்லை. 8க்கு 4 அடி பிளைவூட் பலகை 16 வாடகைக்குக் கிடைக்கும்.

மண்டபம், பலகை, விளக்கு, அச்சு, லொறி, தேநீர் எல்லாம் சேர்த்துச் செலவு 2 இலட்சம் வரும். படத்தின் சராசரி விலை 25,000 ரூபா. விற்றதில் பாதி ஓவியருக்கு, பாதி நிலையத்துக்கு என்று பேசியிருக்கிறோம். இந்தப் பங்கு சரியா? பலகை போதுமா, எப்படி நிறுத்துவது? காசு வாங்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்? சில படங்களைச் சைலண்ட் ஒக்ஷனில் (படத்துக்குப் பக்கத்திலுள்ள தாளில் விலை எழுதிக் கேட்கும் ஏலத்தில்) விடலாமா?

பேரேடு:

முதலில் கணக்கைப் பாருங்கள். 25,000 ரூபாப் படம் ஒன்று விற்றால் நிலையத்துக்கு 12,500. 2 இலட்சம் செலவை அடைக்கவே 16 படம் விற்கவேண்டும். பதினேழாவது படத்திலிருந்துதான் முதியவர்களுக்கு ஒரு சதமாவது சேரும். 45இல் 20 விற்றால் நல்ல கண்காட்சி என்று எல்லோரும் கைகுலுக்குவார்கள், ஆனால் நிலையத்துக்கு மிஞ்சுவது 50,000. வாங்குபவர் அப்படி நினைத்துக்கொண்டு காசு கொடுப்பதில்லை.

ஆகவே கதவு திறக்க முன்பே செலவுக்கு வழி பார்த்துவிடுங்கள். பெருந்தொகைக்கு ஒரே அனுசரணையாளரைத் தேடி அலைவதைவிட, செலவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்பது சுலபம்: மண்டப வாடகை ஒருவர், விளக்கு ஒருவர், அச்சு ஓர் அச்சகம், லொறியும் தேநீரும் இன்னொருவர். பொருளாகவோ சேவையாகவோ கொடுப்பவருக்கும் அதன் பெறுமதியை எழுதிக் கடிதம் கொடுங்கள். பாதிச் செலவாவது இப்படிக் கையில் நிற்காவிட்டால், நிகழ்ச்சியைச் சிறிதாக்குவதே நிலையத்துக்கு நல்லது.

பங்கு விடயத்தில் எல்லோருக்கும் பாதி என்று கட்டாயப்படுத்தாதீர்கள். படம் விற்றுச் சீவிப்பவருக்குக் கன்வஸ், வர்ணம், பிரேம் எல்லாம் கைக்காசு. வேறு வேலையில் இருந்துகொண்டு வரைபவர் முழுவதையும் தரத் தயாராக இருக்கலாம். நிலையத்துக்கு 30, 50, 100 வீதம் என்று மூன்று தெரிவு வைத்து ஓவியரையே எழுதச் சொல்லுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை மண்டபத்தில் ஒட்டவேண்டாம், அது ஒருவரை ஒருவரோடு ஒப்பிட வைத்துவிடும். நிலையத்துக்கு மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதைக் கடைசியில் அறிவித்தால் போதும்.

விலையிலும் ஒன்று உண்டு. நிதிக்காகத்தானே என்று 40,000 ரூபாப் படத்தை 20,000க்குக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடங்கிய கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தையில் அதே ஓவியரின் விலையைப் பார்த்தவர்கள்தான் உங்களிடமும் வருவார்கள். இங்கே குறைத்துவிட்டு அங்கே கூட்டிக் கேட்டால் ஓவியரின் பெயர்தான் கெடும். மலிவாக ஏதாவது வேண்டுமென்றால் சிறிய வேலைகளையோ வாழ்த்து அட்டைகளையோ வையுங்கள்.

காசு நிலையத்தின் கணக்குக்கே போகவேண்டும். எவருடைய சொந்தக் கணக்கும் வேண்டாம், ஒரு நாளுக்கென்றாலும் வேண்டாம். தொலைபேசியால் ஸ்கேன் செய்து காசு கட்டும் லங்காகியூஆர் குறியீடு எடுப்பதென்றால் வங்கியில் இப்போதே விண்ணப்பியுங்கள், கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. ஒன்லைனில் மாற்றியதாக வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷொட்டை வைத்துப் படத்தைக் கையில் கொடுக்கவேண்டாம். கணக்கில் காசு வந்ததாக வங்கிக் குறுஞ்செய்தி பொருளாளரின் தொலைபேசிக்கு வரவேண்டும். அதற்காகப் பொருளாளர் மூன்று நாளும் மேசையிலேயே இருக்கவேண்டும்.

இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றே ஒன்று, மூன்று பிரதியுடன்: வாங்குபவருக்கு, ஓவியருக்கு, நிலையத்துக்கு. அதில் படத்தின் இலக்கம், தலைப்பு, தொகை, கொடுத்த முறை எல்லாம் இருக்கட்டும். "நன்கொடை" என்று எழுதாதீர்கள், அவர் படம் வாங்கியிருக்கிறார். விளம்பரத்தில் வரிச்சலுகை உண்டு என்றும் போடாதீர்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் சலுகை, அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். சமூக சேவை நிறுவனமாகப் பதிந்திருப்பது வேறு, அந்த அங்கீகாரம் வேறு.

தூக்குநூல்:

பலகைக் கணக்கு சொல்லுறன். ஓடும் அடி பார்த்து ஏமாந்துபோகாதேங்கோ. 16 பலகையை நிமிர்த்தி இரண்டு பக்கமும் பாவித்தால் 128 அடி என்று காகிதத்தில் வரும். ஆனால் 4 அடிப் பலகையில் இரண்டடிப் படம் இரண்டை அருகருகே போட்டால் இடைவெளி பூச்சியம். பெரிய படம் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். 18 பெரிய படத்துக்கு 18 பக்கம். சின்னப் படம் பக்கத்துக்கு இரண்டு, 27க்கு 14 பக்கம். மொத்தம் 32 பக்கம், உங்கட 16 பலகைக்குச் சரியாக இருக்கு. மேலதிகமாக ஒரு படம் வந்தாலும் இடமில்லை, அதாலே படம் ஏற்கிற திகதியை இறுக்கிப் பிடியுங்கோ. சுவரோரமாக நிறுத்தினால் ஒரு பக்கம் வீண், அதையும் யோசியுங்கோ.

12 மில்லிமீற்றர் பலகை ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. தனியே நிமிர்த்தினால் கட்டாயம் விழும். மூன்று மூன்றாகப் பிணைச்சல் போட்டு எழுத்து "இஸட்" வடிவில் மடித்து நிறுத்துங்கோ, அப்ப தன்பாட்டிலே நிற்கும். 16இல் ஐந்து கூட்டம் போக ஒன்று மிஞ்சும், அதை வாசலில் அறிவித்தலுக்கு வைக்கலாம் என்று நினைக்காதேங்கோ, உங்களுக்கு அந்த இரண்டு பக்கமும் தேவை. ஒரு கூட்டத்தை நாலு பலகையாக்குங்கோ. மடிப்பின் கோணம் மிகவும் கூர்மையாகப் போனால் உள்ளே இருக்கிற படத்தைப் பார்க்க ஆள் நிற்க இடமிராது, 90 பாகைக்குக் குறையவிடாதேங்கோ. கூட்டத்துக்குக் கூட்டம் 6 அடி வழி விடுங்கோ. வரப்போறவர்களில் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலோடும் வாற முதியவர்கள் இருப்பினம். ஒவ்வொரு கூட்டத்தின் இரண்டு முனை அடியிலும் மணல் மூட்டை.

வாடகைப் பலகையில் திருகாணி போட விடுவார்களா என்று கேளுங்கோ. விட்டாலும் 10 மில்லிமீற்றருக்கு மேல் நீளம் வேண்டாம். அரை அங்குலத் திருகாணி மறுபக்கம் எட்டிப் பார்க்கும், அங்கே தொங்குகிற கன்வஸின் முதுகைக் கீறும். விடாவிட்டால் பலகையின் மேல் விளிம்பில் மாட்டுகிற கொக்கியும் மெல்லிய உருக்குக் கம்பியும். மீன்பிடி நைலோன் நூல் கண்ணுக்குத் தெரியாது என்று பலரும் எடுப்பினம், ஆனால் பாரத்துக்கு இழுபடும், முடிச்சு வழுக்கும். கண்ணாடி போட்ட படத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

உயரம்: படத்தின் நடு நிலத்திலிருந்து 58 அங்குலத்தில் வரவேண்டும். கொக்கி உயரம் காண, 58உடன் படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, பின்கம்பியை இழுத்துப் பிடிக்கும்போது படத்தின் மேல் விளிம்புக்கும் கம்பிக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கோ. 30 அங்குல உயரப் படம், தூரம் 4 அங்குலம் என்றால் 58 + 15 − 4 = 69. ஒவ்வொரு படத்துக்கும் இந்த எண்ணை முதல் நாளே பென்சிலால் பின்பக்கம் எழுதிவிட்டால் நாலு பேர் மூன்று மணித்தியாலத்தில் 45ஐயும் தொங்கவிடலாம். எழுதாவிட்டால் விடியும்.

ஒற்றைக் கொக்கி போடாதேங்கோ. ஒக்டோபர் புழுக்கத்துக்குத் தரை விசிறி வைப்பீர்கள், அந்தக் காற்றுக்கு ஒற்றைக் கொக்கிப் படம் ஒருபக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு கொக்கி, கீழ் மூலை இரண்டிலும் சின்ன ரப்பர் பொட்டு.

விளக்கு பலகையின் பக்கத்துக்கு ஒன்று, 10 வொட் எல்.ஈ.டி. 32க்கும் மொத்தம் 320 வொட்தான், அதாலே சுமை பிரச்சினை இல்லை. நடைபாதைக்குக் குறுக்கே போகிற வயர்தான் பிரச்சினை. வயரைப் பலகையின் மேல் விளிம்பால் கொண்டு போங்கோ. 3000 கெல்வின், நிறம் காட்டும் சுட்டெண் 90க்கு மேல். நீல வெள்ளை விளக்கில் சிவப்பும் மண் நிறமும் செத்துப்போகும். மேலிருந்து 30 பாகைச் சரிவில் விழ விடுங்கோ, கண்ணாடியில் பளபளப்பு வராது.

கித்தான்:

ஒக்டோபர் கடைசி என்பது இடைப்பருவ மழைக்காலம். பிற்பகல் 3 மணிக்குப் பின் இடியுடன் கொட்டும். படங்களை ஏற்றி இறக்குவதைக் காலை 11 மணிக்குள் முடியுங்கள். ஞாயிறு மாலை படம் வெளியே போகும் நேரமும் மழை நேரமே, அதனால் வாசலில் பெரிய பொலித்தீன் பைகள் 50 தயாராக இருக்கட்டும்.

ஆனால் பொலித்தீனும் குமிழ்ப் பொலித்தீனும் நேரே வர்ணத்தில் படக்கூடாது. அக்ரிலிக் சூட்டில் இளகும். மூடிய லொறிக்குள் கொழும்பு வெயிலில் அரை மணித்தியாலம் போதும், குமிழின் வட்டத் தடம் படத்தில் பதிந்துவிடும், பிறகு எடுக்கமுடியாது. முதலில் கேக் சுடும் தட்டில் போடும் ஒட்டாத தாள், அதற்கு மேல் பொலித்தீன். எண்ணெய் வர்ணம் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே மாதக்கணக்கில் காயும். கண்காட்சிக்காக ஒரு மாதத்துக்கு முன் வரைந்த எண்ணெய்ப் படத்துக்கு வார்னிஷ் பூசச் சொல்லாதீர்கள். வெளிநாட்டுக்குச் சுருட்டிக் கொண்டுபோகிறவருக்கு, வர்ணம் வெளிப்பக்கமாக, விட்டம் 10 சென்ரிமீற்றருக்குக் குறையாத குழாயில் சுற்றிக் கொடுங்கள். உள்பக்கமாகச் சுற்றினால் வர்ணம் நசுங்கி வெடிக்கும்.

நீர்வர்ணப் படங்கள் எத்தனை என்று நீங்கள் சொல்லவில்லை. தாள் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தால் நம் ஈரப்பதனுக்கு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணமும் பிடிக்கும். இடையில் மவுண்ட் அட்டை போடாத நீர்வர்ணத்தை ஏற்காதீர்கள். இது கடுமை அல்ல. வாங்கியவரின் வீட்டுச் சுவரில் இரண்டு மழைக்காலத்துக்குள் அந்தப் படம் கெட்டுவிடும்.

ஏற்கும்போது முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை என்று ஒவ்வொன்றையும் படமெடுத்து, இருக்கும் கீறல்களை ஓவியருக்கு முன்னாலேயே படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதே படிவத்தில் விலை, பங்கு, விற்காத படத்தை எடுக்கும் நேரம், காப்புறுதி எந்த நேரத்திலிருந்து எதுவரை என்பதும் வரட்டும். வாழ்த்து அட்டை அடிக்கும் எண்ணம் இருந்தால் அதற்கான அனுமதியையும் படிவத்தில் தனியாக எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படம் விற்றுப்போனாலும் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்.

நெய்தல்:

மிக்க நன்றி. பலகையை மூன்று மூன்றாகவும் ஒரு கூட்டத்தை மட்டும் நான்காகவும் நிறுத்துகிறோம், பங்கை மூன்று தெரிவாக்குகிறோம். நீர்வர்ணம் 11, அதில் நான்கில் மவுண்ட் இல்லை, ஓவியர்களுக்கு இன்றே சொல்லிவிடுவோம். ஒக்ஷன் பற்றி யாரும் சொல்லவில்லையே? நுழைவுச்சீட்டு வைக்கலாமா, ஒரு படத்தை அதிர்ஷ்டச் சீட்டிழுப்பில் விடலாமா என்றும் குழுவில் கேட்கிறார்கள்.

பேரேடு:

நுழைவுச்சீட்டு விற்றால் மாநகர சபையின் களியாட்ட வரி பற்றிக் கேட்கவேண்டி வரும். சீட்டிழுப்பு லொத்தர் சட்டத்துக்குள் போய்விடும். இரண்டும் வேண்டாம். வாசலில் பூட்டிய உண்டியல் வையுங்கள், இரண்டு பேர் முன்னிலையில் திறந்து எண்ணி எழுதுங்கள்.

சைலண்ட் ஒக்ஷனில் ஐந்து அல்லது ஆறு படத்துக்கு மேல் விடாதீர்கள். பிடித்த படத்தை உடனே வாங்க வந்தவர் ஞாயிறுவரை காத்திருக்கமாட்டார், வேறொன்றை வாங்காமலும் போய்விடுவார். தொடக்க விலை ஓவியர் ஒப்புக்கொண்ட ஆகக் குறைந்த விலை. ஒவ்வொரு ஏற்றமும் 1,000 ரூபா என்று தாளிலேயே அச்சிடுங்கள், இல்லாவிட்டால் 50 ரூபா கூட்டி எழுதுவார்கள். பெயருக்குப் பதிலாகக் கேள்விக்காரருக்கு (ஏலம் கேட்பவருக்கு) இலக்கம் கொடுங்கள், தொலைபேசி இலக்கம் மேசைப் பதிவில் மட்டும் இருக்கட்டும். முடிக்கும் நேரம் ஞாயிறு மாலை 5 மணி. ஒரே நேரத்தில் எல்லாத் தாளையும் எடுக்காமல் ஐந்து நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக எடுங்கள். வென்றவர் 6 மணிக்குள் காசு கட்டாவிட்டால் அடுத்த கேள்விக்காரருக்கு என்பதையும் தாளில் எழுதுங்கள்.

தூக்குநூல்:

பெயர் அட்டை மூன்று மொழியிலும் போடுவீர்கள்தானே. தமிழைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அச்சகத்துக்கு வேர்ட் கோப்பாக அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி, பி.டி.எப். ஆக்கி, ஒரு அட்டை அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கோ. எழுத்து 18 புள்ளிக்குக் குறையக்கூடாது.

விற்ற படத்துக்குச் சிவப்புப் பொட்டு, ஒதுக்கி வைத்ததற்குப் பாதிப் பொட்டு. ஒதுக்குதல் இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும், நேரத்தைப் பொட்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கோ. விற்ற படத்தை ஞாயிறு 5 மணிவரை கழற்றவேண்டாம், வெறும் பலகை வந்த சனத்தைத் திருப்பிவிடும்.

கித்தான்:

8 மணிக்குச் சாவி என்றால் 5க்கு ஒக்ஷன், 6க்குக் காசு, 6 முதல் 7 வரை படம் ஒப்படைப்பு, பிறகு பலகை என்று நேரம் இறுக்கமாக இருக்கிறது. விற்காத படங்களை அன்றிரவே ஓவியர்களிடம் கொடுக்க முயலாதீர்கள், வாங்கியவரும் ஓவியரும் ஒரே வாசலில் நெரிபட்டால் படம் மாறிப்போகும். அவற்றை நிலையத்துக்கு ஏற்றி, திங்கள், செவ்வாய் காலை 9 முதல் 12 வரை எடுக்கச் சொல்லுங்கள். காப்புறுதியும் செவ்வாய் மாலைவரை இருக்கவேண்டும். நிலையத்தில் நிலத்தில் படாமல் மரக்கட்டைக்கு மேல், சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிமிர்த்தி வையுங்கள்.