பிளேஸ் பெய்லி பாடிய மெய்டன்: 'தி எக்ஸ் ஃபேக்டர்' கேட்டவங்க சொல்லுங்க

பிரிட்டன் ஹெவி மெட்டல் பேண்ட் அயர்ன் மெய்டனோட ரசிகர்கள் நாலு பேர் கூடினால் 'தி எக்ஸ் ஃபேக்டர்' ஆல்பம் பத்தின பேச்சு வந்தே தீரும். வந்ததும் பிளேஸ் பெய்லி குரல் மெய்டனுக்குப் பொருந்துச்சா இல்லையான்னு ரெண்டு கட்சியாப் பிரியறதும் நடந்தே தீரும். அந்தச் சண்டையை இன்னைக்கு விட்டுடலாம். இந்த ஆல்பம் உங்க கைக்கு எப்படி வந்துச்சு, கேட்டப்போ என்ன தோணிச்சு, அதை மட்டும் எழுதுங்க. நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.

புதுசா வந்தவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1981-லேயே பாடகர் பால் டியானோவை மாத்திட்டு புரூஸ் டிக்கின்சனைக் கொண்டுவந்த பேண்ட் இது. அடுத்த வருஷமே 'தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்' ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் முதலிடம். அதனால 1993-ல் புரூஸ் கிளம்பினப்போ, 'ஆள் மாத்துறது இவங்களுக்கு என்ன புதுசா'ங்கிற தைரியம் நிறைய பேருக்கு இருந்துச்சு. வந்தவர் பிளேஸ் பெய்லி. பர்மிங்காம்காரர், வுல்ஃப்ஸ்பேன் பேண்டில் பாடிக்கிட்டிருந்தவர். 1995 அக்டோபரில் ஆல்பம் வெளியாச்சு. பத்தாவது ஆல்பம், அதனால தலைப்பில் ரோமன் பத்து. (வெறும் 'எக்ஸ் ஃபேக்டர்'னு தேடினா டிவி பாட்டுப் போட்டிதான் வந்து விழும், பேண்ட் பேரையும் சேர்த்துப் போடுங்க.)

எனக்கு வந்தது சென்னையில் காலேஜ் சீனியர் ஒருத்தர் பதிஞ்சு கொடுத்த கேசட். ஆல்பம் 71 நிமிஷம், மனுஷன் எடுத்தது 60 நிமிஷ கேசட். ஏ பக்கம் தீர்ற இடத்தில் 'லுக் ஃபார் த ட்ரூத்' பாதியில் அறுந்து 'டக்'னு பட்டன் எகிறும். கடைசிப் பாட்டு 'தி அன்பிலீவர்' கேசட்டிலேயே கிடையாது. அட்டையில் மட்டும் அழகா பேரை எழுதி வெச்சிருந்தார்!

முதல் பாட்டு 'சைன் ஆஃப் த கிராஸ்', 11 நிமிஷத்துக்கு மேல. பிளே அமுக்கினதும் மடத்தில் பாதிரியார்கள் சேர்ந்து முணுமுணுக்கிற மாதிரி ஒரு கோரஸ். கிட்டார் எங்கடான்னு காத்துக்கிட்டே இருக்கேன், வர்ற வழியா இல்லை. அப்புறம் பேஸ் கிட்டார் மெதுவா நடக்க ஆரம்பிக்குது, அதுக்கு மேல ஒரு கனத்த குரல் ரொம்பக் கீழே இருந்து பாடுது. புரூஸா இருந்தா முதல் வரியிலேயே கூரையைப் பிரிச்சிருப்பார். இவர் இறுக்கமா, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றார். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. பேஸ் வாசிக்கிற, பேண்டை நடத்துற ஸ்டீவ் ஹாரிஸ் அப்போ விவாகரத்தில் இருந்தவர். ஆல்பம் முழுக்கப் போர், குற்ற உணர்ச்சி, கடவுள் மேல சந்தேகம். இந்த இருட்டுக்குக் கணீர்க் குரல் ஒத்துவந்திருக்காதுன்னு இன்னைக்கும் சொல்வேன்.

* * *

குரலை விடுங்க சகோ, சத்தத்தைப் பத்தி யாராவது பேசுங்களேன். 'கில்லர்ஸ்' ஆல்பத்திலிருந்து பதினோரு வருஷத்துக்கு மேல மார்ட்டின் பிர்ச்தான் தயாரிப்பு. அவர் 1992-ல் ஓய்வு வாங்கிட்டார். இந்த ஆல்பத்தை ஹாரிஸே நைஜல் கிரீனோட உட்கார்ந்து எசெக்ஸில் இருக்கிற தன் சொந்த ஸ்டூடியோவில் பண்ணினார். விளைவு? டிரம்ஸ் காஞ்ச அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி இருக்கு. கிட்டாருக்கு உடம்பே இல்லை. பேஸ் மட்டும் முன்னாடி வந்து உட்கார்ந்திருக்கு, சொந்த வீடாச்சே. இதே பாட்டுகளை பிர்ச் கையில் கொடுத்திருந்தா பிளேஸுக்குப் பாதித் திட்டு குறைஞ்சிருக்கும்.

* * *

மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். மெட்டல் எனக்கு ஹெட்போனோடு சரி, சோறு போடுவது கல்யாணக் கச்சேரிதான். அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் மேடையில் பாடகர் மாறினால் முதல் கேள்வி, "அண்ணே, உங்களுக்கு என்ன கட்டை?" ஐந்து கட்டைப் பாட்டுக்கு நாலு கட்டைக்காரர் வந்தால் யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டோம். கீபோர்டு தம்பி டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்குவான், நான் கிட்டார் கழுத்தில் மாட்டுகிற கேப்போ கிளிப்பை இடம் மாற்றுவேன், பாட்டு ஓடிவிடும். மெய்டன் செய்யாதது இந்த ஒன்றைத்தான்.

அவர்கள் ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டில், பெரும்பங்கு கிட்டாரின் தடித்த ஈ கம்பியைத் திறந்தபடி விட்டு அடிப்பது. அந்தக் குதிரைப் பாய்ச்சல் தாளம் நிற்பதே அதன் மேல்தான். பாடகருக்காக அரைக் கட்டை இறக்க வேண்டுமென்றால் கிட்டார், பேஸ் எல்லாவற்றையும் தளர்த்தி சுருதி மாற்ற வேண்டும். எத்தனையோ பேண்டுகள் செய்கிற வேலைதான், இவர்கள் செய்யவில்லை. 'தி ட்ரூப்பர்', 'தி ஈவில் தட் மென் டூ', 'ஹாலோட் பி தை நேம்' எல்லாம் புரூஸ் பாடிய அதே சுருதியில், இந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில் ராத்திரிக்கு ராத்திரி பிளேஸ் பாடினார். கனத்த குரல்காரரை உச்ச ஸ்தாயியில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் தொண்டை என்னவாகும்? அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர் குரல் கெட்டுச் சில நிகழ்ச்சிகள் ரத்தானதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். பழி மட்டும் முழுசாக அவர் தலையில்.

ஆல்பத்தில் அந்தச் சிக்கல் பாதிதான் இருக்கிறது, ஏனென்றால் 11 பாட்டில் 5 பாட்டு எழுதியதில் பிளேஸுக்குப் பங்கு உண்டு. 'தி எட்ஜ் ஆஃப் டார்க்னெஸ்', 'தி ஆஃப்டர்மாத்', '2 ஏ.எம்.' கேளுங்கள். ராகம் அவர் குரலுக்கு வாகான இடத்திலேயே சுற்றிவருகிறது. ஹாரிஸ் தனியாக எழுதிய 'ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்' கூட அப்படித்தான்: போரிலிருந்து திரும்பியவன் புலம்புகிற பாட்டு, ஆரம்பம் கிட்டத்தட்டப் பேச்சு. 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' கோரஸில் மட்டும் மனுஷன் எட்டி எட்டிப் பிடிக்கிறார், எனக்குக் காது கூசும்.

1980-இல் பிளாக் சபாத் பேண்ட் 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம் எடுத்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பாடகர் ஓஸி பல பாட்டுகளில் ரிஃப் போகிற வழியிலேயே கூடப் போவார். ரோனி ஜேம்ஸ் டியோ வந்ததும் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி கார்டுகளை (chords) நீட்டி இடம் விட்டார், டியோ அதன் மேல் ஏறிப் பாடினார். பாடகர் மாறியதும் பாட்டின் கட்டுமானமே மாறியது. ஜூடாஸ் பிரீஸ்ட் பேண்ட் கதை நேர் எதிர். 1997-இல் 'ஜகுலேட்டர்' ஆல்பம் பாடிய புதுப் பாடகர் ரிப்பர் ஓவன்ஸ் பழைய பாட்டு எதைக் கொடுத்தாலும் ஊதித் தள்ளுவார், புதுப் பாட்டுகளில்தான் சரக்கில்லை.

1996-இல் வந்த 'பெஸ்ட் ஆஃப் த பீஸ்ட்' தொகுப்பில் 'அஃப்ரெய்ட் டு ஷூட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' இருக்கிறது, 1995-இல் ஹெல்சிங்கியில் பிளேஸ் மேடையில் பாடியது. புரூஸ் காலத்துப் பாட்டுதான், ஆனால் முதல் பாதி தாழ்ந்த ஸ்தாயி. அதைக் கேட்டுவிட்டு அவருக்குப் பாட வராது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

* * *

மதுரை அண்ணை சொன்னதுக்கு என்ர பங்கு. நான் லண்டனிலை இருக்கிறன். மெய்டன் ஹாரிஸின்ரை ஊர் லெய்டன்ஸ்டோன், கிழக்கு லண்டன். எங்கடை ஆக்கள் நிறையப் பேர் இருக்கிற ஈஸ்ட்ஹாமிலையிருந்து பெரிய தூரமில்லை. ஆனா எனக்கு மெய்டனைக் காட்டினது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன். அவன் 'மேன் ஆன் தி எட்ஜ்' சிங்கிளை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவான். ட்ராஃபிக்கிலை மாட்டுப்பட்ட ஒருத்தன் காரை விட்டிட்டு இறங்கி நடக்கிற 'ஃபாலிங் டவுன்' படத்தை வைச்சு எழுதின பாட்டு. வேலை முடிஞ்சு பஸ்ஸிலை இருந்து கேட்டால் பாட்டு எனக்காகவே எழுதினதெண்டு நினைப்பு வரும்.

1999 தொடக்கத்திலை பிளேஸை நிப்பாட்டிப் போட்டு புரூஸையும் பழைய கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தையும் திருப்பி எடுத்தவை. பிளேஸ் பாடுறதை விடேல்லை, தன்ரை பேரிலை பேண்ட் வைச்சு ஆல்பம் மேலை ஆல்பம் போட்டுக்கொண்டு சின்னச் சின்ன இடங்களிலை பாடுறார். அப்பிடி ஒரு பப்பின்ரை பின் அறையிலை நான் அவரைப் பாத்தனான். மேடை எண்டு சொல்ல ஏலாது, முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை. முன் வரிசை ஆக்கள் கையை நீட்டினால் அவற்ரை மைக் ஸ்டாண்ட் தட்டுப்படும். 'சைன் ஆஃப் த கிராஸ்' தொடங்கேக்கை அந்த முணுமுணுப்பைச் சனமே பாடினது, அவர் கண்ணை மூடிக்கொண்டு நிண்டவர். முடிஞ்ச பிறகு வெளியிலை வந்து நிண்டு, வரிசையிலை நிண்ட எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டார், காசு ஒண்டும் கேக்கேல்லை. அரங்கம் அரங்கமாப் பாடின மனிசன் எண்ட எடுப்பு ஒரு துளியும் இல்லை. 2023-இலை மாரடைப்பு வந்து பெரிய ஒப்பரேஷன் செய்தவை. அதுக்குப் பிறகும் மேடைக்கு வந்திட்டார்.

* * *

நான் ரிவர்ஸில் வந்தவன். 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், மெய்டன் கச்சேரி. ஓசூரிலிருந்து பசங்களோட பஸ் ஏறிப் போனேன். டெல்லி ராக் பேண்ட் பரிக்ரமா வாசிச்சாங்க, ஹாரிஸ் பொண்ணு லாரன் பாடினாங்க, அப்புறம் இவங்க. இந்த ஊர்ல இவங்களை நேர்ல பார்ப்போம்னு யாரு நினைச்சா! சட்டையெல்லாம் பிழிஞ்சா வேர்வை. அன்னைக்கு பிளேஸ் காலத்துப் பாட்டு ஒண்ணுகூட இல்லை, அதனால அப்படி ஒருத்தர் பாடினார்ங்கிறதே அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

திரும்பி வர்றப்போ பக்கத்து சீட்டுக்காரர் 'ராக் இன் ரியோ' கேட்டுக்கிட்டு வந்தார், ஒரு காதுக்கு எனக்கும் ஹெட்போன் கொடுத்தார். 2001 ஜனவரியில் ரியோவில் எடுத்த லைவ். அதில் 'சைன் ஆஃப் த கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்' ரெண்டையும் புரூஸ் பாடியிருக்கார். நான் புரூஸ் பாட்டுன்னே நினைச்சு ஆஹா ஓஹோன்னேன். அவர் சிரிச்சுட்டு, "தம்பி, இது வேற ஆளோட பாட்டு"ன்னார். ஊருக்கு வந்து ஒரிஜினலைத் தேடிக் கேட்டேன். 'சைன் ஆஃப் த கிராஸ்' பத்தி என் தீர்ப்பு: நடுவில் இசை ஏறி உடையிற இடத்துக்கு மேல புரூஸ்தான் ராஜா. ஆனா ஆரம்பத்து அமைதியில் பிளேஸ் பாடுறதைக் கேட்டா தண்டனைக்குப் போறவன் பேசுற மாதிரியே இருக்கு. புரூஸ் அந்த இடத்தில் கதை சொல்றார், அவ்வளவுதான். 2018-ல் தொடங்கின டூரிலும் இந்த ரெண்டு பாட்டையும் திரும்ப எடுத்து வாசிச்சாங்க. பாட்டு மட்டமா இருந்தா எதுக்கு எடுக்கணும்?

* * *

இந்த ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் எட்டாவது இடம் வரைதான் போனது, 'கில்லர்ஸ்'க்குப் பிறகு அவங்களோட மோசமான இடம். அமெரிக்காவில் கிளப் கிளப்பா வாசிச்சாங்க. இதையும் யாராவது சொல்லணும்ல?

* * *

திரியைத் தொடங்கினவன் திரும்ப வந்திருக்கேன். சகோ சொன்ன எண் சரிதான். ஆனா 1995-ல் எந்தப் பழைய மெட்டல் பேண்டுக்கு அமெரிக்காவில் மவுசு இருந்துச்சு? நிர்வாணா மாதிரி பேண்டுகளோட க்ரஞ்ச் ராக் அலை வந்து எல்லாரையும் ஓரங்கட்டின நேரம். புரூஸே தொடர்ந்திருந்தாலும் அந்தச் சரிவு இருந்திருக்கும்.

எங்கே ஆரம்பிக்கிறதுன்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க. முதல் பாட்டிலேயே குதிக்காதீங்க, பாதிப் பேர் கோரஸ் முடியறதுக்குள்ள ஓடிடுவாங்க. 'மேன் ஆன் தி எட்ஜ்', அப்புறம் 'தி எட்ஜ் ஆஃப் டார்க்னெஸ்', அப்புறம் ராத்திரி லைட்டை அணைச்சுட்டு 'சைன் ஆஃப் த கிராஸ்'. பேஸ் வாசிக்கிறவங்க 'ப்ளட் ஆன் த வேர்ல்ட்ஸ் ஹேண்ட்ஸ்' ஆரம்பத்தைத் தவறவிடாதீங்க, ஹாரிஸ் தனியா வாசிக்கிறார்.

அடுத்த ஆல்பம் 'வர்ச்சுவல் லெவன்' பத்தி இங்கேயே ஆரம்பிக்க வேண்டாம். 'தி ஏஞ்சல் அண்ட் த கேம்ப்ளர்'னு ஒரு பாட்டு, கிட்டத்தட்ட பத்து நிமிஷம், கோரஸ் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டுத் தேய்க்கும். அதுக்கு வக்காலத்து வாங்க என்னாலயும் முடியாது.