மாமியைப் பார்த்துக்கொள்ள யோசனை சொல்லுங்கள், ஜெபிக்கவும் செய்யுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் ஊசிக் கோபுரத்துக்கு, அதாவது எங்கள் தூய திரித்துவ தேவாலயத்துக்கு, கொஞ்ச தூரத்தில்தான் எங்கள் வீடு. மாமிக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது, வலது பக்கம் சுத்தமாக விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. ஆனால் கோவில் மணி கேட்டால் போதும், இடது கை விரலால் கட்டில் கம்பியைத் தட்டுவார்கள். "பாமாலையை எடு" என்று அர்த்தம், எங்கள் கோவில் பாட்டுப் புத்தகம் அது. எனக்கு ராகம் வராது, சும்மா வாசிப்பேன், அதற்கே கண் கலங்கும்.

வீட்டுக்காரர் அதிலிருந்து கோவிலுக்கு வருவதில்லை. "1826லிருந்து நிற்கிற கோவில், நாலு தலைமுறையாகப் போனோம், என்ன கிடைச்சுது?" என்கிறார். நான் வாதாடுவதில்லை, அவர் கோபம் எனக்குப் புரிகிறது. சொந்தத்தில் ஒருவர் வந்து, மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசமாம், அப்படிச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்ததே ஆத்திரம்! மாத்திரை நிற்காது, ஜெபமும் நிற்காது.

சரி, கேட்க வந்தது இதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தும் இடுப்புப் பக்கம் தோல் சிவக்கிறது. டாக்டர் காற்று மெத்தை வாங்கச் சொல்கிறார், பழையது யாரிடமாவது இருக்கிறதா? ஞாயிறு காலை ஆராதனை முடியும்வரை கூட இருக்க ஒரு அக்கா கிடைப்பார்களா, சம்பளம் கொடுத்துவிடுவோம். சபை ஐயர் (போதகர்) வீட்டுக்கே வந்து திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும், கொடுக்கிறேன் என்றார், ஆனால் மாமிக்கு விழுங்கச் சிரமம், இப்படி இருந்தவர்களுக்கு உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்?

அப்புறம், வீட்டுக்காரரிடம் நான் எதுவும் பேசலாமா, இல்லை இப்படியே விட்டுவிடட்டுமா?