குடும்ப வரலாற்றுத் தளத்தின் சந்தா 9 நாளில் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று மெயில். நிறுத்தும் பட்டனைக் காணவில்லை, உதவுங்கள்

தக்கலைக்காரி (செவ்வாய், இரவு 9.15)

வணக்கம். கொஞ்சம் அவசரமான உதவி வேண்டும்.

போன வருடம் ஒரு வெளிநாட்டுக் குடும்ப வரலாற்றுத் தளத்தில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதி விலை என்று போட்டிருந்தார்கள். நம் பணத்தில் 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது. நேற்று மெயில் வந்திருக்கிறது. 14ஆம் தேதி தானாகவே புதுப்பிக்கப்படுமாம், இந்த முறை முழு விலை, 18,000 ரூபாய்க்கு மேல்.

நான் தேடுவது அப்பாவின் அத்தையை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்துவிட்டு 1950களில் இங்கிலாந்து போனவர். இரண்டு மூன்று வருடம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அப்பாவுக்கு இப்போது 84 வயது. அத்தை கிளம்பிய அன்று அவர் பெட்டியைப் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது அப்பாதான். "எங்கேதான் போய் இருந்தாளோ" என்று இப்போதும் கேட்பார்.

போன மாதம் கப்பல் பயணிகள் பட்டியலில் அத்தை கிடைத்துவிட்டார். கொழும்பில் ஏறி லண்டனுக்குப் பக்கத்தில் டில்பரி துறைமுகத்தில் இறங்கியிருக்கிறார். டைப் அடித்த வரி: பெயர், வயது 24, நர்ஸ், அதற்குப் பக்கத்தில் லண்டனில் தங்கப்போகும் விலாசம். ஞான என்று தொடங்க வேண்டிய பெயரை நானா என்று அடித்திருக்கிறார்கள். பத்து மாதம் கண்ணில் படாமல் போனது அதனால்தான்.

கேட்க வேண்டியவை இவ்வளவுதான். தளத்தில் சந்தாவை நிறுத்த எங்கே போக வேண்டும்? என் கணக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பட்டனே இல்லை. பழைய ஆளுக்கும் தள்ளுபடி தருவார்களா? நிறுத்தினால் நான் சேர்த்து வைத்த 312 பேரும் அழிந்துபோவார்களா?

குழித்துறைத் தம்பி (செவ்வாய், இரவு 9.50)

அக்கா, பயப்படாதீங்க. நம் நாட்டு கார்டில் கேட்காமல் இவ்வளவு பெரிய தொகையை எடுக்க முடியாது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. மாதாமாதம், வருடாவருடம் தானாக எடுக்கும் பணத்துக்கு முதலில் ஓடிபி போட்டு அனுமதி பதிய வேண்டும், ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் சொல்ல வேண்டும். முதலில் 5,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமல் போகலாம் என்றிருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். உங்கள் தொகை அதற்கும் மேல். ஓடிபி கேட்காமல் போகாது.

தக்கலைக்காரி (செவ்வாய், இரவு 10.05)

ரொம்ப நன்றி தம்பி. ஆனால் கார்டு என்னுடையது இல்லை. ஷார்ஜாவில் இருக்கிற என் தம்பிதான் கட்டினான், அவனுடைய அந்த ஊர் வங்கி கார்டில். அப்போதும் இந்த விதி பொருந்துமா?

குழித்துறைத் தம்பி (செவ்வாய், இரவு 10.12)

பொருந்தாது அக்கா. அது இந்திய வங்கிகள் கொடுத்த கார்டுகளுக்கு மட்டும். அப்படியானால் 14ஆம் தேதி சத்தமில்லாமல் பணம் போய்விடும். சந்தாவை நிறுத்தியே ஆக வேண்டும்.

வடசேரி சிஸ்டம் சர்வீஸ் (புதன், காலை 7.30)

தளத்தில் நிறுத்தும் பட்டன் இல்லை என்று சொன்னதும் எனக்கு ஒரு சந்தேகம். போன வருடம் கட்டியது கம்ப்யூட்டரிலா, போனில் ஆப் வழியாகவா? ஆண்ட்ராய்டு போனில் ஆப் வழியாக என்றால் பணத்தை வாங்குவது அந்தத் தளம் இல்லை, கூகுள். அங்கே போய்த்தான் நிறுத்த முடியும். தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினாலும் "ஆப் ஸ்டோரைப் பாருங்கள்" என்றுதான் பதில் வரும்.

பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கிற உங்கள் படத்தைத் தொடுங்கள். பணம் செலுத்துதலும் சந்தாக்களும் என்று வரும். அதற்குள் சந்தாக்கள். அங்கே தளத்தின் பெயரும் அடுத்த தேதியும் இருக்கும். ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படி நினைத்துத்தான் பணத்தை விடுகிறார்கள்.

தக்கலைக்காரி (புதன், காலை 8.10)

ஆமாம் சார், போனில்தான் கட்டினோம். நீங்கள் சொன்னபடி போய்ப் பார்த்தேன். சந்தா எதுவும் இல்லை என்று காட்டுகிறது. ஆனால் தளம் திறக்கிறது, எல்லாப் படமும் தெரிகிறது. ஒன்றும் புரியவில்லை.

வடசேரி சிஸ்டம் சர்வீஸ் (புதன், காலை 8.25)

அந்த போனை வாங்கித் தந்து செட் பண்ணிக் கொடுத்தது யார்? தம்பியா? அப்படியானால் போனில் இரண்டு ஜிமெயில் இருக்கும், உங்களுடையது ஒன்று, அவருடையது ஒன்று. பிளே ஸ்டோரில் அதே படத்தைத் தொட்டு, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள். இன்னொரு கணக்கு தெரியும். அதற்கு மாறிவிட்டுச் சந்தாக்களைப் பாருங்கள்.

தக்கலைக்காரி (புதன், காலை 8.40)

இருக்கிறது! தம்பியின் மெயிலில் இருக்கிறது. 14ஆம் தேதி என்றும் போட்டிருக்கிறது. இப்போதே ரத்து செய்யட்டுமா, இல்லை 13ஆம் தேதி வரை பார்த்துவிட்டுச் செய்யவா? இன்னும் எட்டு நாள் மிச்சம் இருக்கிறதே.

வடசேரி சிஸ்டம் சர்வீஸ் (புதன், காலை 8.43)

இப்போதே செய்யுங்கள். ரத்து செய்தாலும் கட்டிய காலம் முடியும் வரை எல்லாம் திறக்கும், ஒரு நாளும் குறையாது. கடைசி நாள் வரைக்கும் வைத்திருந்தால் மறந்துபோகும், அல்லது அன்றைக்குப் பார்த்து நெட் இருக்காது. இனிமேல் எங்கே சந்தா கட்டினாலும் கட்டிய அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மயிலாடிக்காரர் (புதன், பகல் 12.20)

தள்ளுபடி விஷயம் நான் சொல்கிறேன். பதினோரு வருடமாக இந்த மாதிரித் தளங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன், இரண்டு முறை முழு விலை கொடுத்து ஏமாந்தும் இருக்கிறேன்.

பெரிய தளங்களில் நல்ல விலை புதியவர்களுக்கும், விட்டுப் போனவர்களுக்கும்தான். நடுவில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் கிடைக்காது. கம்ப்யூட்டரில் தளத்திலேயே கட்டியிருந்தால், ரத்து செய்யப் போகும்போது "ஏன் போகிறீர்கள்" என்று கேட்பார்கள். விலை அதிகம் என்று காரணம் சொன்னால் சில சமயம் அங்கேயே குறைந்த விலை காட்டுவார்கள். அது வராவிட்டாலும் சந்தா முடிந்து சில வாரங்களில் "திரும்பி வாருங்கள்" என்று மெயில் வரும். நவம்பர் கடைசியில் வெள்ளைக்காரர்களின் பிளாக் ஃபிரைடே தள்ளுபடி விற்பனை, கிறிஸ்துமஸ் சமயம், அப்போதெல்லாம் அநேகமாக விலை இறங்கும். சில வார இறுதிகளில் குறிப்பிட்ட ஆவணங்களை இலவசமாகவும் திறந்துவிடுவார்கள். ஆகவே அடுத்த முறை ஆப்பில் கட்டாதீர்கள். கம்ப்யூட்டரில் கட்டுங்கள், ஒரு மாதத்துக்கு மட்டும். தேட வேண்டியதை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த முப்பது நாளில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும்.

தள்ளுபடிக்காக வேறு மெயிலில் புதுக் கணக்கு தொடங்குகிறவர்கள் உண்டு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. குடும்ப மரம் ஒரு கணக்கில், படங்கள் இன்னொன்றில் என்று சிதறிவிடும்.

இந்தியக் கார்டில் கட்டுவதாக இருந்தால் இரண்டு விஷயம். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் போய் நாமே திறந்துவிட வேண்டும், வேலை முடிந்ததும் மூடிவிடலாம். பல வங்கிகள் வெளிநாட்டுப் பணத்துக்கு 3.5% கட்டணமும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் போடும். கூட்டினால் 100 ரூபாய்க்கு 4 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும்.

312 பேர் எங்கும் போக மாட்டார்கள். ஆன்செஸ்ட்ரி என்ற தளத்தில் சந்தா முடிந்தாலும் மரம் இருக்கும், அதில் ஒட்டிய ஆவணப் படத்தைத்தான் திறக்க முடியாது. மைஹெரிடேஜ் என்ற தளத்தில் இலவசக் கணக்குக்கு 250 பேர் என்று வரம்பு உண்டு, ஆனால் ஏற்கெனவே சேர்த்தவர்கள் அழிய மாட்டார்கள், புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது. எதுவானாலும் மரத்தை ஜெட்காம் கோப்பாக (எல்லாக் குடும்ப மர மென்பொருளும் படிக்கும் வடிவம்) இறக்கி வையுங்கள், கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கும். ஆனால் ஜெட்காமில் படம் வராது. அந்தக் கப்பல் பட்டியலைத் தனியாக இறக்க வேண்டும். முழுப் பக்கமாக இறக்குங்கள், அத்தையின் வரியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். கூடப் போனவர்கள் யாரென்று பின்னால் தேவைப்படும்.

தக்கலைக்காரி (புதன், பகல் 1.05)

ரத்து செய்துவிட்டேன், தம்பிக்கும் மெயில் போயிருக்கிறது. அண்ணாச்சி, இன்னொன்று. இந்தியப் பதிவேடுகள் உள்ள பெரிய திட்டத்துக்கு மாறினால் பாட்டாவின் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் கிடைக்குமா?

மயிலாடிக்காரர் (புதன், மாலை 6.30)

அதற்காகப் பணம் கட்டாதீர்கள் அம்மா. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற தளத்தில் இருக்கும் இந்தியப் பதிவேடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளவை, சென்னை, வங்கம், பம்பாய் மாகாணங்களின் தேவாலயங்களிலிருந்து போனவை. பெரும்பாலும் ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். நம் ஊர் அந்த மாகாணங்களில் சேராத திருவிதாங்கூர், 1949இலிருந்து திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806இல் இங்கே மயிலாடிக்கு வந்ததிலிருந்து லண்டன் மிஷன் சபைகள் எழுதிய பதிவேடுகள் அந்தந்தச் சபையில்தான் இருக்க வேண்டும். மிஷனரிகள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் அங்கே லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோயஸ் கல்லூரியின் நூலகத்தில் இருக்கின்றன. நில விவகாரம் என்றால் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகம். உங்கள் பாட்டாவுக்குச் சபை ஆயரிடம் கேட்டு, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு பதிவேட்டைப் பாருங்கள்.

கொல்லங்கோடு டு ஈஸ்ட் ஹாம் (புதன், இரவு 11.40)

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே பல பொது நூலகங்களில் ஆன்செஸ்ட்ரியின் நூலகப் பதிப்பை அங்குள்ள கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்கலாம். சனிக்கிழமை போய் உங்கள் அத்தையைத் தேடித் தருகிறேன், எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

நர்ஸ் என்றால் கப்பலோடு நிறுத்தாதீர்கள். பிரிட்டன், அயர்லாந்து நர்ஸ்களின் பதிவேடுகள் 1898 முதல் 1968 வரைக்கும் அங்கே இருக்கின்றன. பதிவு செய்த தேதி, எங்கே பயிற்சி, அப்போதைய விலாசம் என்று பார்க்கலாம். ஒவ்வொரு சில வருடத்துக்கும் பட்டியல் புதுப்பிக்கப்பட்டதால் விலாசம் மாறினதும் தெரியும். கல்யாணமாகிப் பெயர் மாறியிருந்தால் அதுவும் பிடிபடலாம். உங்கள் சந்தா முடிய ஒரு வாரம் இருக்கிறதே, நீங்களும் நானா, ஞானா, ஜியானா என்று எல்லா விதமாகவும் அடித்துப் பாருங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டும் தேடுங்கள், நம் ஆட்களுக்கு அங்கே அப்படித்தான் எழுதிவிடுவார்கள்.

தக்கலைக்காரி (ஞாயிறு, இரவு 8.50)

எல்லாருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

கொல்லங்கோட்டுத் தம்பி நேற்று நூலகத்தில் இரண்டு பதிவேட்டுப் பக்கம் எடுத்து அனுப்பினார். இரண்டு வருடத்திலும் அத்தை பெயர் இருக்கிறது. முதலாவதில் கப்பல் பட்டியலில் இருந்த அதே லண்டன் விலாசம். இரண்டாவதில் வேறு ஊர், பெயருக்குப் பின்னால் நமக்குத் தெரியாத ஒரு குடும்பப் பெயர். கல்யாணம் செய்திருக்கிறார்.

ஜெட்காம் இறக்கிவிட்டேன், 46 படங்களையும் முழுப் பக்கமாக இறக்கிப் பென் டிரைவில் போட்டுவிட்டேன். பிளே ஸ்டோரில் இப்போது "14ஆம் தேதி முடிகிறது" என்று மட்டும் இருக்கிறது. சபைப் பதிவேட்டை அடுத்த ஞாயிறு காட்டுவதாக ஆயர் சொல்லியிருக்கிறார்.

கப்பல் பக்கத்தைத் தக்கலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் பெரிதாகப் பிரின்ட் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். அத்தையின் வரி வந்ததும் விரலை எடுக்கவே இல்லை. வயது 24 என்றிருப்பதைப் பார்த்துவிட்டு, "அவ்வளவு சின்னப் பிள்ளையா" என்றார். அந்த இரண்டாவது ஊர் எங்கே இருக்கிறது என்று இப்போது வரைபடத்தில் காட்டச் சொல்லிக் கூப்பிடுகிறார், போகிறேன்.