அப்பா பார்த்த ‘வங்காளி’

குஸ்திப் பயில்வான் தாராசிங்கை நான் நேரில் பார்த்ததில்லை, அப்பாதான் பார்த்தார். அதையும் அவர் வாயைத் திறந்து சொன்னது 1988இல். ஞாயிற்றுக்கிழமை காலை, தஞ்சாவூரில் பெரியப்பா வீட்டு டிவியில் ராமாயணம். அனுமாராக நடித்த தாராசிங் வந்ததும் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஈஸிசேரில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, “டேய், இந்த வங்காளியை எனக்குத் தெரியும்டா” என்றார்.

அனுமார் எப்போது வங்காளி ஆனார் என்று வீடே சிரித்தது. அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கல்கத்தாவில் கப்பலேறி வந்த பஞ்சாபிகளை அங்கே எல்லோரும் வங்காளி என்றுதான் சொல்வார்களாம். (அசல் வங்காளிப் பயில்வான் ஒருவரும் வெளிநாட்டில் கொடி நாட்டியிருக்கிறார். கல்கத்தா கோபர் குஹா, 1921இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆட் சான்டெலை வீழ்த்தி லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டம் வாங்கியவர். அப்பா அவரைக் கேள்விப்பட்டதே இல்லை.)

தாராசிங் பயில்வானாகக் கப்பலேறவில்லை, பிழைக்கத்தான் போனார். 1940களின் கடைசியில் சிங்கப்பூரில் டிரம் செய்யும் ஆலையில் வேலை. ஆளின் உடம்பைப் பார்த்தவர்கள் குஸ்திக்கு இழுத்துவிட்டார்கள். கிரேட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் ஹர்னாம் சிங்கிடம் பயிற்சி, அப்புறம் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலாயா சாம்பியன் பட்டம். அப்பாவுக்கு இதில் பிடித்தது பட்டம் இல்லை. “நம்மள மாதிரி கூலிக்கு வந்தவன்டா” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

அவர் பார்த்தது ஹேப்பி வேர்ல்ட் என்ற இன்னொரு கேளிக்கைப் பூங்காவில், தாராசிங்கும் கிங்காங் என்ற பயில்வானும் மோதியதை. கிங்காங் ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா, சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டவர், மலை மாதிரி ஆள். அந்த மலையைத் தாராசிங் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாராம். சொல்லும்போது அப்பா தலையணையைத் தூக்கிக் காட்டுவார். கூட்டத்தில் தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லோரும் கத்தினார்கள், தனக்குக் கட்டியிருந்த தொண்டை மூன்று நாள் திறக்கவில்லை என்பார்.

காலேஜ் படிக்கிற திமிரில், “அதெல்லாம் பேசிவைத்துப் போடுற சண்டைப்பா” என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் சொன்னது தப்பில்லை. ரிங் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்பதைப் பெரும்பாலும் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். அதற்காக எல்லாமே நாடகம் என்றும் சொல்ல முடியாது. 1910இல் லண்டனில் நம் நாட்டுக் காமா பயில்வான் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்துத் தரையைக் கட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார், முடிவே இல்லை. காசு வாங்கிக்கொண்டு இவ்வளவு போரடிக்கிற சண்டையை எவனாவது ஏற்பாடு செய்வானா? அடுத்த வாரம் ஸ்பிஸ்கோ வரவே இல்லை, வெற்றிப் பரிசான ஜான் புல் பெல்ட் காமாவுக்குப் போனது. இந்தக் கதையைச் சொல்லித்தான் அப்பாவைச் சமாதானப்படுத்தினேன்.

அப்பா போன பிறகு சிங்கப்பூர் போயிருந்தேன். கிரேட் வேர்ல்ட் இருந்த இடத்தில் அதே பெயரில் மால் இருக்கிறது. வாசலில் ஏறிய டாக்ஸியை ஓட்டியவர் வயதான சீக்கியர், தமிழ் நன்றாகப் பேசினார். அப்பா பார்த்த சண்டையைச் சொன்னேன். தன் அப்பாவும் ஹேப்பி வேர்ல்டில் இருவரும் மோதியதைப் பார்த்தவர்தான் என்றார்.

“தூக்கினது உண்மைதான் அண்ணே” என்றார். “ஆனா அன்னிக்கு ஜெயிச்சது கிங்காங்குன்னு எங்க அப்பா சொல்வாரு.”

இறங்கும் வரை இரண்டு பேரும் அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு போனோம்.