பழைய மைக்ரோ ஜீனியஸ், ஃபேமிகாம்: கரண்ட் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

லயத்துப்பையன்_சுங்கைசிப்புட்:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தோட்ட வீட்டு அலமாரி மேல இருந்து டிவியில மாட்டி விளையாடுற பழைய வீடியோ கேம் பெட்டி, மைக்ரோ ஜீனியஸ் ஒன்னு எடுத்திருக்கேன். கூடவே ஒரு பெட்டி கேம் கேசட், திரையைப் பார்த்துச் சுடுற விளையாட்டுத் துப்பாக்கி ஒன்னு. அடாப்டர் மட்டும் காணோம். பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) வாங்கின 9 வோல்ட் அடாப்டர் ஒன்னு கையில இருக்கு, அதை மாட்டலாமா? கேசட் பல்லெல்லாம் பச்சையா பூத்துப் போயிருக்கு. சித்தப்பாகிட்ட நிண்டெண்டோவோட ஜப்பான் கேம் பெட்டி, ஃபேமிகாம் ஒன்னு, அடாப்டரோட இருக்கு. அது ஆன் ஆகுது, ஆனா ஆன்டெனா வயர்ல மாட்டினா புது டிவி சேனலே பிடிக்க மாட்டேங்குது. தீபாவளிக்குப் பிள்ளைங்க வர்றதுக்குள்ள ரெண்டையும் ஓட வைக்கணும்.

சால்டர்புகை:
தம்பி, அந்த அடாப்டரை இப்போதைக்கு ஓரமா வைங்க. இந்தப் பெட்டிகளைக் கொல்றது வயசு இல்லை, தப்பான அடாப்டர்தான்.

9 வோல்ட்னு எழுதியிருந்தா மட்டும் பத்தாது. ஃபேமிகாமோட அசல் அடாப்டர் 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்ப், பிளக்கோட நடு ஓட்டை நெகட்டிவ். இப்போ கடையில கிடைக்கிறதுக்குப் பெரும்பாலும் நடுவுல பாசிட்டிவ். இன்னொரு ஆபத்து, என்இஎஸ்னு அமெரிக்காவுல வித்த நிண்டெண்டோ பெட்டியோட அடாப்டர். அது 9 வோல்ட் ஏசி. பிளக் நுழையுதுன்னு அதை ஃபேமிகாமுல போட்டா கெப்பாசிட்டரும் ரெகுலேட்டரும் போயிடும். சித்தப்பாகிட்ட இருக்கிற அடாப்டர்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்குங்க.

மைக்ரோ ஜீனியஸ் அடியில லேபிள் இருந்தா பிளஸ், மைனஸ் படத்தைப் பாருங்க. அழிஞ்சிருந்தா திறக்க வேண்டியதுதான். உள்ள ஒரு அலுமினியத் தகட்டோட திருகி வச்ச மூனு கால் ரெகுலேட்டர் இருக்கும், 7805. வர்ற வோல்ட்டை 5-ஆ இறக்கிக் கொடுக்கிறது அதுதான். எழுத்து நம்மளைப் பார்க்கிற மாதிரி வச்சா இடது கால்ல கரண்ட் உள்ள வரும், நடுக்கால் கிரவுண்ட், வலது கால்ல 5 வோல்ட் வெளிய போகும். மல்டிமீட்டரை பீப் அடிக்கிற இடத்துல வச்சு, ஒரு முனையை நடுக்கால்ல பிடிச்சுக்கிட்டு, மறு முனையால அடாப்டர் ஜாக்கோட கால்களைத் தொடுங்க. பீப் அடிக்கிறது நெகட்டிவ். ஜாக் பக்கத்துல நாலு டையோடு சேர்ந்தாப்ல நின்னா, எந்தப் பக்கம் கொடுத்தாலும் அதுவே சரி பண்ணிக்கும்.

அப்புறம் அதுக்கேத்த 9 வோல்ட், 1 ஆம்ப் சுவிட்சிங் அடாப்டர் வாங்குங்க. பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகையில 9னு போட்டிருந்தாலும் லோடு இல்லாதப்ப 12, 13 காட்டும். கூடுதலா வர்றதெல்லாம் 7805-ல சூடா இறங்கும்.

முதல் தடவை கேசட் போடாம ஆன் பண்ணி வலது காலை அளந்து பாருங்க. 4.75-க்கும் 5.25-க்கும் நடுவுல இருக்கணும். அதுக்கப்புறம்தான் கேசட். படத்துல குறுக்குப் பட்டை மெதுவா நகர்ந்து, ஸ்பீக்கர்ல "உம்"னு இரைச்சல் வந்தா, 7805 பக்கத்துல நிக்கிற பெரிய கெப்பாசிட்டர் காய்ஞ்சு போச்சு. அதுல என்ன மைக்ரோஃபாரட் போட்டிருக்கோ அதையே வாங்குங்க, பெரும்பாலும் 1000 இல்லாட்டி 2200. வோல்ட் மட்டும் 25, வெப்பம் 105 டிகிரி. கோடு போட்ட பக்கம் மைனஸ். ஈப்போ பார்ட்ஸ் கடைகள்ல சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

பூஞ்சணம்துடைப்பவள்:
கேசட்டுக்கு நான் சொல்றேன் தம்பி. வாயால ஊதாதீங்க. எச்சில் ஈரம்தான் அந்தப் பச்சைக்குப் பாதி காரணம். மீதி நம்ம ஊர் காத்து.

99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல பஞ்சுக் குச்சியை நனைச்சு, பல்லோட நீளவாக்குல மட்டும் தேய்ங்க. குறுக்கே தேய்ச்சா அழுக்கு பல்லு இடுக்குல போய் உட்காரும். பஞ்சு கறுப்பா வர்றது நிக்கிற வரைக்கும் மாத்தி மாத்தித் தேய்க்கணும். பச்சை விடலைன்னா வெள்ளை அழிரப்பரால மெதுவா ரெண்டு இழுப்பு, திரும்ப ஆல்கஹால். மணல்தாள் வேணவே வேணாம், மேல இருக்கிற பூச்சைச் சுரண்டிட்டா அடுத்த மழைக்கே திரும்பப் பூக்கும்.

நிறைய கேசட் திருகு இல்லாம கொக்கியில மாட்டியிருக்கும். திருப்புளியால நெம்பினா கொக்கி ஒடையும், பழைய டாப்அப் கார்டை ஓரத்துல விட்டு நகர்த்துங்க. உள்ள சிப்புக்குப் பதிலா கறுப்புத் தார் பொட்டு மாதிரி இருந்தா அதைத் தொட வேணாம், அதுக்குள்ளதான் சிப் இருக்கு.

பெட்டியில கேசட் நுழையிற 60 பல் வாயையும் மறக்காதீங்க. ஏடிஎம் கார்டு மேல மெல்லிசு பருத்தித் துணி ஒரே ஒரு சுத்து, லேசா ஆல்கஹால், நேரா விட்டு நேரா எடுக்கணும். துணி தடிச்சா பல்லு விரிஞ்சிடும், அப்புறம் நல்ல கேசட்டும் பிடிக்காது. அதுக்கு முன்னாடி கரப்பான் முட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

இடி இறங்கும்போது சுவிட்சை அடைச்சா போதாது. பிளக்கையும் டிவி வயரையும் கழட்டி வைங்க.

625கோடு:
சித்தப்பா பெட்டி கெட்டுப்போகலை. ஜப்பான் ஃபேமிகாம் ஜப்பானோட 1, 2-ஆம் சேனல்ல படம் அனுப்பும், அதாவது 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸ். அது நம்ம ஊர்ல எஃப்எம் ரேடியோ இடம். நம்ம டிவி அங்க தேடவே தேடாது. தப்பித் தவறிப் பிடிச்சாலும் கலர் முறை வேற, பழைய டிவின்னா கறுப்பு வெள்ளைதான்.

வழி ஏவி மாற்றம், அதாவது ஆன்டெனா வழியா இல்லாம டிவியோட வீடியோ, ஆடியோ ஓட்டைக்கு நேரா கொடுக்கிறது. படம் வரையிற சிப்போட 21-ஆம் காலில் வீடியோ வருது. அதுல இருந்து நேரா வயர் இழுத்தா படம் மங்கிடும், நடுவுல ஒரு டிரான்சிஸ்டர் போட்டு 75 ஓம் லைனுக்குத் தகுந்த பலம் கொடுக்கணும். இதுக்குத் தயாரான சின்ன போர்டு ஆன்லைன்ல விக்குது. வயரைக் குட்டையா வைங்க, நீண்டா படத்துல செங்குத்துக் கோடுங்க விழும்.

மைக்ரோ ஜீனியஸ் பின்னால ஏவி ஓட்டை இருந்தா வேலை மிச்சம். இல்லைன்னா டிவியில அனலாக் தேடல் போட்டுப் பாருங்க. மலேசியாவுல அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரோட நின்னு போச்சு, ஆனா பல டிவிக்குள்ள அந்த டியூனர் இன்னும் இருக்கு.

துப்பாக்கிக்கு டியூப் டிவி கட்டாயம். வாத்து சுடுற கேம்ல விசையை அழுத்தினதும் திரை ஒரு ஃபிரேம் கறுத்து, வாத்து இருந்த இடத்துல வெள்ளைக் கட்டம் வரும். டியூப் வரையிற 15 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைத்தான் துப்பாக்கி தேடுது. எல்இடி திரையில அந்தத் துடிப்பும் கிடையாது, படமும் தாமதம். தோட்டத்துல யாராவது டியூப் டிவியைத் தூக்கிப் போடப் போறாங்கன்னா கேட்டு வாங்கிடுங்க.

லயத்துப்பையன்_சுங்கைசிப்புட்:
ரொம்ப நன்றி. லேபிள்ல நடு நெகட்டிவ். புது அடாப்டர்ல 5.02 காட்டுது, ஏவியில பேட்டில் சிட்டி கேம் ஓடுது! ஒரு சந்தேகம்: போன்ல இந்தப் பெட்டி மாதிரியே கேம் ஓட்டுற எமுலேட்டர் ஆப்ல அதே மாரியோ வேகமா ஓடுதே, என் பெட்டி மந்தமா?

625கோடு:
பெட்டி சரியாத்தான் ஓடுது. ஜப்பான் ஃபேமிகாம் நொடிக்கு 60 ஃபிரேம். உங்க மைக்ரோ ஜீனியஸ் மாதிரி நம்ம ஊர் டிவிக்காகச் செஞ்ச தைவான் பெட்டிகள் 50. அதனால ஆட்டமும் பாட்டோட நடையும் ஆறுல ஒரு பங்கு மெதுவாகும். ஆனா சிப்போட வேகம் 1.77 மெகாஹெர்ட்ஸ், ஜப்பான்ல 1.79, வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால சுருதி இறங்காது. நிண்டெண்டோ ஐரோப்பாவுக்குச் செஞ்சதுல 1.66, அதுல சுருதியே இறங்கிடும். நம்ம தோட்டங்கள்ல கேட்டு வளர்ந்த மாரியோ பாட்டு இந்த நடைதான், எனக்கு இதுதான் அசல்.

போன்லயும் அதே மாதிரி வேணும்னா எமுலேட்டர் அமைப்புல ரீஜன் (எந்த நாட்டு வகைப் பெட்டி) இருக்கான்னு பாருங்க. அதுல "டெண்டி"ன்னு ஒன்னு இருந்தா அதைப் போடுங்க, ரஷ்யாவுல இதே வகைப் பெட்டிக்கு அந்தப் பேர். சும்மா "பேல்"னு போட்டா ஐரோப்பா வகை வந்திடும்.