யாருக்கும் புரியாத ஃபோர்ட்ரான் 77 கோட், மொத்தமா மாத்தி எழுதலாமா?

எண்கணிதன்:
ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் ஆப்டிமைசேஷன் (ஒரு ஃபங்ஷனோட மினிமத்த தேடுற) லைப்ரரிய இப்ப நான்தான் பாத்துக்கறேன். உள்ள ஓடுறது பூரா ஃபோர்ட்ரான் 77ங்கற பழைய கணினி மொழி, எங்க பாத்தாலும் கோடூ (வேற வரிக்கு தாவுறது), காமன் பிளாக் (கோடோட பல பகுதியும் பொதுவா பகிர்ற மெமரி), ஆறெழுத்து வேரியபிள் பேரு, டெஸ்ட்னு ஒண்ணுகூட கிடையாது. ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் 10 வந்ததுலருந்து ஆர்க்யுமென்ட் மிஸ்மேட்ச்னு (குடுக்கற மதிப்போட வகை ஒத்துப்போகலன்னு) எரர் வருது, ஒரு கம்பைலர் ஃபிளாக் போட்டு தள்ளிட்டிருக்கேன். இப்ப ஒருத்தர் முழுசையும் சி மொழிக்கு மாத்தி புல் ரிக்வெஸ்ட் (அத சேத்துக்கச் சொல்லி கோரிக்கை) அனுப்பிருக்கார், மெர்ஜ் பண்ண பயமா இருக்கு.

மேட்ரிக்ஸ்மணி:
இப்போதைக்கு மெர்ஜ் பண்ணாதீங்க. முதல்ல பழைய கோட இருக்கிறபடியே ஓட விட்டு நிறைய இன்புட்டுக்கு விடை என்ன, எத்தனை இட்டரேஷன் (சுற்று) ஆச்சுன்னு எல்லாத்தையும் ஃபைல்ல எழுதி வைங்க, அதுதான் உங்க டெஸ்ட். கடைசி விடைய மட்டும் பாத்தா ஏமாந்துருவீங்க, வழி தப்பினாலும் சில சமயம் அதே மினிமம்ல போய் நிக்கும். கம்பைலர் மாறினா கடைசி சில இலக்கம் மாறத்தான் செய்யும், அதுக்கு டாலரன்ஸ் (எவ்வளவு வித்தியாசம் பரவாயில்லங்கற எல்லை) வைங்க, ஆனா தாராளமா வைக்காதீங்க.

பழையவரி:
நானா இருந்தா கோட விட்டுட்டு அது எந்த பேப்பர்லருந்து வந்துச்சோ அத படிப்பேன். கணிதவியலாளர் மைக்கேல் பவல் ஃபோர்ட்ரான் 77ல எழுதின கோபிலா, நியூயுஓஏ மாதிரி அஞ்சு ஆப்டிமைசேஷன் சால்வர் இருக்கில்ல, அவர் 2015ல காலமானார், அப்புறம் பிரிமா ப்ராஜெக்ட்ல அத்தனையையும் அல்காரிதத்த புரிஞ்சுகிட்டு மாடர்ன் ஃபோர்ட்ரான்ல திரும்ப எழுதினாங்க, ராண்டம் டெஸ்ட் போட்டு விடாம சோதிச்சுகிட்டே இருக்காங்க. பழைய கோட் சில இன்புட்டுக்கு முடிவே இல்லாம சுத்துறது, செக்ஃபால்ட் ஆகுறதுன்னு (தப்பான மெமரிய தொட்டு பாதில நின்னுடறது) இருந்ததையும் சரி பண்ணிருக்காங்க. வரிக்கு வரி சி-க்கு மாத்திருந்தா அந்த பக் எல்லாம் அப்படியே கூட வந்திருக்கும். பைத்தானோட சைபை லைப்ரரில 1.16லருந்து கோபிலாவுக்கு பழைய ஃபோர்ட்ரான எடுத்துட்டு பிரிமாவோட பைத்தான் வடிவத்ததான் போட்டிருக்காங்க.

லூப்புக்குள்ள:
அதுக்காக தொடாமலே விட்டுடாதீங்க ப்ரோ. காமன் பிளாக்கும் சேவ் வேரியபிளும் (கூப்பிட்டு முடிஞ்சாலும் மதிப்ப வச்சிருக்கறது) இருந்தா, ரெண்டு த்ரெட்ல (ஒரே ப்ரோக்ராம்ல இணையா ஓடுற பகுதி) ஒரே நேரம் கூப்பிட்டா ஒண்ணு இன்னொண்ணோட மதிப்ப அழிச்சிடும், எரரும் வராது, தப்பான நம்பர் மட்டும் வரும், அத நம்பி யாராவது ரிசல்ட் போட்டுடுவாங்க.

எண்கணிதன்:
த்ரெட் விஷயம் எனக்கு தோணவே இல்ல, ஒரு நேரத்துல ஒரு த்ரெட் மட்டும் கூப்பிடற மாதிரி உடனே லாக் போட்டுடறேன். புல் ரிக்வெஸ்ட் அனுப்பினவர்கிட்ட ஒவ்வொரு சப்ரூட்டீனா பிரிச்சு, பேப்பர்ல எந்த சமன்பாடுன்னு கமென்ட்டோட அனுப்ப முடியுமான்னு கேக்கறேன்.

மேட்ரிக்ஸ்மணி:
கேளுங்க. அவருக்கு டெஸ்ட் ஃபைலயும் சேத்து குடுங்க.