அத்தையின் கவாத்துக் கத்தரி (குடும்பக் குழு)

அத்தை: [படம்] மாடியில் செம்பருத்தியைக் கவாத்து செய்தேன். உள்ளங்கை நடுவில் காசு அளவுக்குச் சிவந்துவிட்டது. விரலை மடக்கினால் வலிக்கிறது.

அண்ணி: ஐயோ! மஞ்சள் பற்றுப் போடுங்கள்.

பெரியப்பா: பற்று இருக்கட்டும். கத்தரியைக் கையில் பிடித்து ஒரு படம் அனுப்பு.

அத்தை: [படம்]

பெரியப்பா: நினைத்தேன். பிடி குட்டை. நுனி உள்ளங்கைக் குழியிலேயே முடிகிறது. அழுத்தும்போதெல்லாம் அங்கேதான் குத்தும். பிடி உள்ளங்கையைத் தாண்டி நீள வேண்டும். 4 அங்குலத்துக்குக் குறைந்தால் வாங்காதே.

அத்தை: பெண்களுக்கு ஏற்ற சின்னக் கத்தரி என்றார் கடைக்காரர், அண்ணா.

பெரியப்பா: உன் கையை அளந்தாரா? அழுத்தி வெட்டும் கருவியில் பிடிகளுக்கு நடுவே, விரித்தால் 3½ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மூடினால் 2 அங்குலத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் (NIOSH) 2004இல் வெளியிட்ட கையேட்டில் உள்ள அளவு. தானே விரியும் ஸ்பிரிங்கும் இருக்கட்டும்.

அண்ணன்: அப்படியென்றால் திருப்புளிக்கும் தடித்த பிடிதான் நல்லதா, பெரியப்பா? என்னிடம் இருப்பவை எல்லாம் பென்சில் கனம்.

பெரியப்பா: வேலையைப் பொறுத்தது. கதவுக் கீலில் துருப்பிடித்த திருகு என்றால் முழுக் கையும் பற்ற வேண்டும். 1¼ முதல் 2 அங்குலக் கனம் தேவை. மூக்குக்கண்ணாடித் திருகுக்கு விரல் நுனி போதும். கால் அங்குலம் முதல் அரை அங்குலம்.

அண்ணன்: பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொள்ளட்டுமா?

பெரியப்பா: சுற்று, வழுக்காது. ஆனால் அதை நம்பி மின்சாரத்தில் கை வைக்காதே. குறட்டில் வரும் சிவப்பு உறைகூடப் பலவற்றில் வெறும் மெத்தைதான். 1000 வோல்ட் என்று பொறித்திருக்கிறதா பார்.

அண்ணி: எங்கள் குறட்டைத் திருப்பிப் பார்த்தேன், மாமா. ஒன்றும் இல்லை. நேற்று இவர் மின்விசிறி ரெகுலேட்டரைக் கழற்றியது அதை வைத்துத்தான்.

பெரியப்பா: மெயினை அணைத்தானா?

அண்ணன்: அணைத்தேன், பெரியப்பா. அணைத்தேன்.

அத்தை: என் கத்தரிக்கு வாருங்கள். கையுறை போட்டு வெட்டினால் ஆகாதா?

பெரியப்பா: முள் குத்தாது, அவ்வளவுதான். குட்டைப் பிடி நீண்டுவிடுமா? இன்னொன்று, முதல் படத்தில் உன் மணிக்கட்டு வளைந்திருக்கிறது. வளைந்தால் பிடியின் வலு குறையும். அதை ஈடுகட்ட இன்னும் இறுக்குவாய். கையை முறுக்காமல் கிளைக்கு நேராக நகர்ந்து நில். தடித்த கிளையை ரம்பத்துக்கு விடு.

அத்தை: பில் இருக்கிறது. மாற்றிக் கேட்கிறேன்.

பெரியப்பா: கையுறையை எடுத்துப் போ. போட்டுப் பிடித்துப் பார்த்த பிறகு வாங்கு.

அத்தை: மீதிச் செடியை இவரை வெட்டச் சொல்கிறேன்.

பெரியப்பா: இதே கத்தரியாலா? மாப்பிள்ளையின் கை உன் கையைவிடப் பெரியது. அவருக்கு இன்னும் நடுவில் குத்தும்.